லிப்ட் அவர் கையில், பஸ் அவர் கையில் இல்லை

2025 ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை. சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு எதிரே ஒரு வேட்பாளர் வருவோர் போவோரிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் கட்டுரையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வீர்கள். நான்காம் மாடி அக்கா ஒருவர் ஒரு கையில் ஸ்ட்ரோலர், இன்னொரு கையில் காய்கறிப் பையோடு வந்து நின்றார். வேட்பாளருடன் வந்த தொண்டூழியர்களில் ஒரு பையன் நம் ஆள். "தம்பி, காலையில ஏழரைக்கு எல்ஆர்டியில ஏறவே முடியல, ரெண்டு வண்டிய விட்டுட்டு மூணாவதுலதான் போறேன், அத முதல்ல பாக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. "கண்டிப்பா எடுத்துச் சொல்றோம்கா" என்றான் பையன். வேட்பாளர் தலையாட்டினார், புன்னகைத்தார். கிளம்பப்போன அக்கா திரும்பி வந்து, "அப்புறம், அந்த ரெண்டாவது லிப்ட்டு கதவு மூடறப்ப டக்கு டக்குனு அடிக்குது" என்றார். இப்போது வேட்பாளரின் முகம் மாறியது. எந்த லிப்ட், எத்தனை நாளாக, யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டுவிட்டு, புளோக் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

பெரிய பிரச்சினைக்குப் புன்னகை, சின்னப் பிரச்சினைக்குப் படம். அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள், மனிதர் விவரம் தெரிந்தவர். வென்றால் அந்த லிப்ட் அவருடைய பொறுப்பு. எல்ஆர்டி, அதாவது பேட்டைக்குள் ஓடும் அந்த இலகு ரயில், அவருடையது ஆகாது.

சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் நம் தேர்தல் சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, இது எம்பி தேர்தலா, கவுன்சிலர் தேர்தலா என்பதுதான். ரெண்டும் ஒன்றுதான் என்றால் நம்ப மாட்டார்கள். சிங்கப்பூரில் குப்பை, விளக்கு, வடிகால் என்று வார்டு வேலை பார்ப்பதற்கென்று தனியாக யாரையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிற அதே ஆள்தான் நம் புளோக்கின் தாழ்வாரத்தைக் கூட்டுவதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. இங்கேயும் ஒரு நகராட்சி மன்றம் இருந்தது. 1957 டிசம்பரில் அதற்குத் தேர்தல் நடந்து, 32 இடங்களில் 13ஐப் பிடித்த மக்கள் செயல் கட்சியின் (மசெக, இன்றைய ஆளும் கட்சி) ஓங் எங் குவான் மேயரானார். துப்புரவுத் தொழிலாளர்களில் கணிசமானோர் தமிழர்களாக இருந்த காலம் அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் 'முனிசிபல் வேலை' என்றுதான் சொல்வார்கள். 1959இல் தன்னாட்சி அரசு அமைந்ததும், இவ்வளவு சின்னத் தீவுக்கு அரசாங்கம் ஒன்று, நகராட்சி ஒன்று என்று இரண்டு எதற்கு என்று அதன் வேலைகளை அரசே எடுத்துக்கொண்டது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) வந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு வீடு கட்டுவதும் அவர்கள்தான், பல்ப் மாட்டுவதும் அவர்கள்தான்.

அப்புறம் 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் நகர மன்றம் தொடங்கினார்கள், 1988இல் சட்டமாகவே வந்துவிட்டது. வீட்டைக் கட்டுவது கழகம், கட்டிய பேட்டையைப் பராமரிப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையிலான நகர மன்றம். வாக்களிப்பவருக்கு அதன் விளைவு வீட்டு வாசலிலேயே தெரிய வேண்டும் என்பது அன்றைய அரசு வெளிப்படையாகச் சொன்ன காரணம். எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்தால் குப்பை யார் அள்ளுவார்கள் என்று யோசிக்கவைக்கிற ஏற்பாடு என்று விமர்சித்தவர்களும் அன்றே இருந்தார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, நகர மன்றம் உண்மையில் என்னதான் செய்கிறது? வீவக பேட்டையின் பொது இடம் அத்தனையும் அதன் பொறுப்பு. லிப்ட், தாழ்வார விளக்கு, தண்ணீர்த் தொட்டி, கூரை, கீழ்த்தளம், விளையாட்டிடம், செடிகொடி, குப்பைக் குழாய், வெளிச்சுவர் வண்ணம். மாதாமாதம் நாம் கட்டுகிற சேவை, பராமரிப்புக் கட்டணமும் அரசு மானியமும்தான் வருமானம். எது அதன் பொறுப்பில் இல்லை என்ற பட்டியல் இதைவிட நீளம். சாலையும் பஸ் தடமும் ரயிலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம், பள்ளி கல்வி அமைச்சிடம், பலதுறை மருந்தகம் சுகாதார அமைச்சின் திட்டத்தில், எந்த நிலத்தில் எது வரலாம் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தில், புதிதாக எத்தனை பிடிஓ வீடுகள் (முன்பதிவு வாங்கிக் கட்டுபவை) என்பது கழகத்திடம். அதாவது ஒரு நகரம் எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்று முடிவு செய்கிற எந்தச் சாவியும் அந்த நகரின் மன்றத்திடம் இல்லை.

வேகமாக வளரும் நகரில் வாக்குக் கேட்பவரின் தர்மசங்கடமே இதுதான். மக்களுக்கு வலிக்கிற இடமெல்லாம் அவர் கைக்கு எட்டாத இடம்.

பொங்கோலையே பாருங்கள். 1996 தேசிய தினப் பேருரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் 'பொங்கோல் 21' திட்டத்தை அறிவித்தார். மறு வருடமே ஆசிய நிதி நெருக்கடி. வீடு வாங்க ஆளில்லை, கட்டுமானம் சுணங்கியது. வாக்குறுதியை நம்பி முதலில் குடிவந்தவர்கள் பல வருடம் கடையும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் காலி நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2007இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் திட்டத்துக்கு மறுஉயிர் கொடுத்தார், 2011இல் 4.2 கிலோமீட்டர் நீர்வழி திறக்கப்பட்டது, அதற்குப் பிறகு கூட்டம் வந்தது பாருங்கள், வெள்ளம் மாதிரி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொங்கோலில் சுமார் 174,000 குடியிருப்பாளர்கள், பக்கத்துச் செங்காங்கில் சுமார் 249,000. பெரிய கடைத்தொகுதியான வாட்டர்வே பாயிண்ட் 2016இல் வந்தது, பலதுறை மருந்தகம் 2017இல், ஒன் பொங்கோல் கட்டடம் 2022இல். ஒவ்வொன்றும் ஆட்கள் வந்து, நெருக்கியடித்து, முணுமுணுத்த பிறகு வந்தவை.

இதற்கு நேர்மாறான கதையும் இதே பக்கத்தில் நடந்தது. வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூனில் ஓடத் தொடங்கியபோது புவாங்கோக் நிலையம் கட்டி முடிக்கப்பட்டும் திறக்கப்படவில்லை. சுற்றுவட்டாரத்தில் போதிய வீடுகள் இல்லை, கட்டுப்படியாகாது என்றார்கள். குடியிருப்பாளர்கள் தினமும் பளபளக்கும் நிலையத்தைத் தாண்டிப்போய் அடுத்த நிலையத்தில் ஏறினார்கள். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்த நாளில் யாரோ அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகளைச் சாலையோரம் நட்டுவைத்தார்கள் (காசைத் தின்றுவிட்டுப் பயனில்லாமல் நிற்பதை ஆங்கிலத்தில் 'வெள்ளை யானை' என்பார்கள்). போலீஸ் விசாரணை வரைக்கும் போனது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. யானையால்தான் திறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எட்டு அட்டை யானைகள் போட்ட சத்தம் நாடாளுமன்ற உறுப்பினர் குறைகேட்கும் மக்கள் சந்திப்புகள் எத்தனையோவற்றில் எழுதிக்கொடுத்த கடிதங்களைவிடத் தெளிவாகக் கேட்டது.

திறப்பதற்கு முன் ஆட்கள் வேண்டும், ஆட்கள் வருவதற்கு முன் திறந்திருக்க வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஒவ்வொரு புதுநகரமும் முதல் பத்தாண்டைக் கழிக்கிறது. தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, ரயில் பாதைக்குப் பத்து, பதினைந்து வருடம் ஆகிறது. குறுக்குத்தீவு ரயில் பாதையின் பொங்கோல் நீட்டிப்பு 2032 வாக்கில் என்றார்கள். ஜூரோங் வட்டாரப் பாதையை முதலில் 2026 என்று சொல்லி, பெருந்தொற்றுக்குப் பிறகு 2027க்குத் தள்ளிவைத்தார்கள். பாதை திறக்கும் நாளில் ரிப்பன் வெட்டுகிறவர், அதைக் கேட்டு வாதாடியவராக இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

அதனால் இந்த மாதிரி நகரில் ஒரு வேட்பாளரின் பிரசுரத்தைப் பிரித்தால், நான் அதை மூன்றாகக் கிழித்துப் படிப்பேன் (மனசுக்குள்தான்). இவர் கையிலேயே இருப்பது எது, இவர் போய்க் கதவைத் தட்டக்கூடியது எது, வெறும் ஆசை எது. 'பாலர் பள்ளி இடங்களை அதிகரிக்கப் பாடுபடுவேன்' என்பது கதவு தட்டுவது. ஆளும் கட்சிக்காரருக்கு அந்தக் கதவு பக்கத்து அறையில் இருக்கிறது, எதிர்க்கட்சிக்காரர் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பித் தட்ட வேண்டும். 'நெரிசல் இல்லாத எல்ஆர்டி' என்பது ஆசை. இதில் நியாயமும் சொல்ல வேண்டும், செங்காங்-பொங்கோல் எல்ஆர்டிக்கு இரட்டைப் பெட்டி வண்டிகள் வாங்கும் முடிவு எடுத்து வெகுநாள் ஆகிறது, அது ஆணையத்தின் வேலை. 2025 ஆகஸ்ட் 12 அன்று மின்கோளாறில் எல்ஆர்டியும் வடகிழக்குப் பாதையின் பெரும்பகுதியும் ஒருசேர நின்றபோது, எந்தக் கட்சி உறுப்பினராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

கையிலேயே இருப்பதைப் பற்றித்தான் பிரசுரங்களில் குறைவாக எழுதுகிறார்கள். ஏனென்றால் அது கவர்ச்சியாக இருக்காது. புதுப் புளோக்குக்கு முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று குடிபோனவர்களுக்குத் தெரியும். நூறு வீட்டிலும் ஒரே நேரத்தில் ரெனவேஷன். காலை ஒன்பதுக்குத் துளைபோடும் சத்தம் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. லிப்ட்டின் உட்சுவரில் ஒட்டுப்பலகை அடித்திருப்பார்கள், அதற்குள் டைல்ஸ் மூட்டையும் பழைய கதவும் ஏறி இறங்கும், கதவு இடுக்கில் சிமென்ட் தூள் படியும், அப்புறம் அது 'டக்கு டக்கு' என்று அடிக்க ஆரம்பிக்கும். குப்பைக் கூடத்தில் ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நிற்கும். துப்புரவு ஊழியர் ஒருவர், பெரும்பாலும் பங்களாதேஷிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவர், அதை ஒற்றையாளாக மடித்துக்கொண்டிருப்பார். அந்த ஆறு மாதத்துக்குக் கூடுதல் ஆள் போட்டிருக்கிறார்களா, லிப்ட் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் வருகிறார்கள், இதுதான் நகர மேலாண்மை.

ஒரு வருடம் கழித்துப் பிரச்சினை தாழ்வாரத்துக்கு வந்துவிடும். இளம் குடும்பங்கள் நிறைந்த நகரம் என்றால் வாசலுக்கு வாசல் ஸ்ட்ரோலர், குழந்தை சைக்கிள், செருப்பு அலமாரி. தீ பாதுகாப்பு விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். நகர மன்றம் நோட்டீஸ் ஒட்டும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி படம் எடுத்து அனுப்புவார், பொருளை எடுத்துப்போனால் அடுத்த மக்கள் சந்திப்பில் வரிசையில் முதல் ஆள் அந்தச் செருப்பு அலமாரிக்காரர்தான். கண்டிப்பாக இருந்தால் வாக்குப் போகும், விட்டுவிட்டால் தீப்பிடித்தால் உயிர் போகும். இதைப் பற்றி ஒரு வேட்பாளர் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

பணத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். புதுநகரத்தின் கணக்குப் புத்தகம் ஆரம்பத்தில் மிக அழகாக இருக்கும். லிப்ட் புதுசு, கூரை புதுசு, குழாய் புதுசு, செலவு குறைவு. கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பது சுலபம், அதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்வதும் சுலபம். ஆனால் வெளிச்சுவருக்குச் சுமார் 7 வருடத்துக்கு ஒருமுறை வண்ணம் அடிக்க வேண்டும், லிப்ட்டை ஏறக்குறைய 28 வருடத்தில் முழுசாக மாற்ற வேண்டும். தோ பாயோ மாதிரி பழைய நகரில் இடித்துக் கட்டியது, இடையில் செருகியது என்று கட்டடங்களுக்குப் பல வயது. பொங்கோலிலும் செங்காங்கிலும் அப்படியில்லை, ஒரே சில வருடங்களில் மொத்தமாக எழும்பியவை. ஒன்றாகப் பிறந்த லிப்டெல்லாம் ஒன்றாகவே கிழமாகும். 2012லிருந்து 2018 வரை சாவி கொடுத்த புளோக்குகளுக்கு 2040லிருந்து 2046 வாக்கில் வரிசையாக மாற்றுச் செலவு வந்து நிற்கும்.

இதை யோசித்துத்தான் நீண்டகால நிதிக்கென்று வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து லிப்ட் மாற்றுவதற்கென்றே தனி நிதியும் வந்துவிட்டது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று விதி இருக்கிறது. அதற்கு மேல் சேர்ப்பதா, கட்டணத்தைக் குறைவாகவே வைத்திருப்பதா என்பது மன்றத்தின் முடிவு, அதாவது நாம் தேர்ந்தெடுத்தவரின் முடிவு. எந்த வேட்பாளராவது என் வாசலுக்கு வந்தால் நான் கேட்க நினைக்கிற ஒரே கேள்வி இதைப் பற்றியதுதான். இதுவரை கேட்கவில்லை. அவர்கள் வரும்போது நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கை மாறும் விஷயமும் இருக்கிறது. செங்காங்கின் ரிவர்வேல் வட்டாரத்தில் பொங்கோல் ஈஸ்ட் என்ற, ஒரே உறுப்பினர் கொண்ட தனித்தொகுதியாக இருந்த புளோக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் பாசிர் ரிஸ்-பொங்கோல் நகர மன்றம். 2013 ஜனவரி இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் லீ லி லியன் வென்றதும் அல்ஜுனிட், ஹவ்காங்கோடு சேர்ந்த மன்றத்துக்குப் போயின. 2015இல் மறுபடி பழைய இடம். 2020இல் புதிதாக உருவான செங்காங் குழுத்தொகுதியை (பல உறுப்பினர்கள் ஓர் அணியாக நிற்கும் தொகுதி) பாட்டாளிக் கட்சி 52.12 விழுக்காட்டில் பிடித்ததும் செங்காங் நகர மன்றம். பத்து வருடத்துக்குள் ஒரே லிப்ட்டுக்கு மூன்று முறை எஜமானர் மாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கணக்கு, ஒப்பந்தம், சேமிப்பு நிதி, புகார்ப் பதிவு எல்லாம் மூட்டை கட்டி இடம் மாற வேண்டும். அங்கே குடியிருக்கிறவரோ அதே புளோக், அதே வீடு, கட்டண ரசீதில் தலைப்பு மட்டும் வேறு.

அந்த 2013 இடைத்தேர்தலில் அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று ரிவர்வேல் பிளாசா. சீரமைப்பு வேலை இழுத்துக்கொண்டே போய், கடைக்காரர்களும் சாப்பிட இடமில்லாத குடியிருப்பாளர்களும் அலுத்துப்போயிருந்தார்கள். அந்தத் தொகுதியில் நாட்டின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றிப் பேசியவர்களைவிட, அந்தத் தகர வேலி எப்போது எடுப்பார்கள் என்று கேட்டவர்கள் அதிகம்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகக் குடியுரிமை வாங்கிய நண்பர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. மழைக்கு நனையாமல் போகக் கூரை நடைபாதை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் மாதிரி சின்னச் சின்ன மேம்பாடுகளுக்கென்று அரசு நிதி ஒன்று உண்டு. அதற்கான யோசனை குடிமக்கள் ஆலோசனைக் குழு வழியாகப் போக வேண்டும். அந்த அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகரை நியமிப்பது அரசு அமைப்பான மக்கள் கழகம். எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் அந்த ஆலோசகர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல, ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். ஆக, ஒரே நடைபாதைக்கு வாக்கு வாங்கியவர் ஒருவர், நிதி கேட்பவர் இன்னொருவர். இதைச் சரி என்று வாதாடுபவர்கள், அடித்தள அமைப்பு அரசின் கை, அது அரசின் ஆளிடம்தான் இருக்கும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழை கட்சி பார்த்துப் பெய்வதில்லை.

மேற்கே எழும்பும் புதுநகரான தெங்காவில் இதெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சுமார் 700 ஹெக்டரில், 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்ட 'காட்டு நகரம்'. 2023இல் முதல் குடும்பங்கள் சாவி வாங்கியபோது அவர்களுக்குப் பழக்கமான எண் 992, புக்கிட் பாத்தோக்குக்குப் போகும் பஸ். கோழி வாங்க வேண்டுமென்றால் அதில் ஏறு. வீட்டுக்கு வீடு ஏர்கான் பெட்டி வேண்டாம், மொத்தமாகக் குளிர்விக்கலாம் என்ற ஏற்பாட்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று குடிவந்தவர்கள் சிலர் புகார் சொன்னார்கள். நகர மன்றம் தொடாத விஷயம், ஆனாலும் மக்கள் சந்திப்பில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். 2025 தேர்தலுக்கு முன்பு வரை தெங்காவின் ஒரு பகுதி அடங்கிய சுவா சூ காங் குழுத்தொகுதியில் இருந்த துணைப் பிரதமர் கான் கிம் யோங், வேட்புமனுத் தாக்கல் நாளன்று பொங்கோலில் வந்து நின்றதை நினைத்துப் பாருங்கள். புதிதாகப் பிரிந்த பொங்கோல் குழுத்தொகுதியில் மசெக அணி 55.17 விழுக்காடு பெற்று வென்றது. வளரும் நகரங்களில் போட்டி இறுக்கமாகத்தான் இருக்கிறது. குடிவந்து சில வருடமே ஆனவர்களுக்குப் பழைய விசுவாசம் குறைவு, காத்திருந்த அலுப்பு அதிகம்.

நம்மவர்களுக்கென்று சில கேள்விகளும் உண்டு. மகள் உயர்நிலைக்குப் போகும்போது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் இருக்கிறதா, இல்லையென்றால் வாரத்தில் சில நாள் மாலையில் பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு ரயிலேற வேண்டுமா? கோயிலுக்கு ரிவர்வேல் கிரசண்ட் வேல்முருகன் ஆலயம் இருப்பதால் செங்காங், பொங்கோல்காரர்களுக்குக் கவலையில்லை, தெங்காவில்? வழிபாட்டுத் தலத்துக்கான நிலமும் பெருந்திட்டத்தில் குறிக்கப்பட்டால்தான் உண்டு, எந்த வேட்பாளராலும் எழுதித்தர முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு கவனிக்க ஒரு வழி இருக்கிறது. தேசிய வளர்ச்சி அமைச்சு நகர மன்றங்களின் நிர்வாக அறிக்கையை வெளியிடுகிறது. துப்புரவு, பராமரிப்பு, லிப்ட், கட்டண நிலுவை, மன்ற நிர்வாக நெறிமுறை என்று ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. பெரும்பாலும் பச்சைதான் வரும், அதனால் நிறத்தைவிட மன்றத்தின் ஆண்டறிக்கையில் உள்ள கணக்கைப் பார்ப்பது பயன். உட்கார்ந்து படிக்க அரைமணி நேரம் போதும். நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், ஒரு முறை தூங்கிவிட்டேன்.

இந்த வாரம் எங்கள் கீழ்த்தளத்தில் மறுபடியும் கூட்டம். வேட்பாளர் யாரும் இல்லை. வெளிச்சுவருக்கு அடுத்த வண்ணம் எது என்று மூன்று மாதிரிப் படங்களை ஒட்டி, பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு வாக்கு. நான்காம் மாடி அக்கா ஸ்ட்ரோலரோடு நின்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த பையனிடம், "எது சீக்கிரம் அழுக்காகாது தம்பி?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்வதாக எழுதிக்கொண்டான்.